ஒரே சலான் இருமுறை வந்தால்? திருப்பூர்க் கணக்கை வைத்து ஒரு பரவல் அமைப்பைக் கட்டுவோம்

திருப்பூரில் ஒரு பனியன் உருவாவதற்குள் நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங் (துணி பின்னர் சுருங்காதபடி அழுத்திச் சீராக்குவது), கட்டிங், தையல் என்று துணி பல யூனிட்டுகளுக்குக் கைமாறுகிறது. கைமாறும் ஒவ்வொரு முறையும் ஒரு டெலிவரி சலான் எழுதப்படுகிறது. அந்தச் சலான்களைப் பின்தொடரும் மென்பொருளை, பல கணினிகளில் பரவி இயங்கும் பரவல் அமைப்பாக இங்கே கட்டுவோம்.

முதல் படி, மென்பொருளைக் கூறுகளாக, அதாவது தனித்தனிப் பாகங்களாகப் பிரிப்பது. நிட்டிங்குக்கு ஒன்று, சாயத்துக்கு ஒன்று என்று பிரிக்கவே புதியவர்களுக்குத் தோன்றும். அப்படிச் செய்தால் ஒரே நிரலை ஐந்து முறை எழுத நேரும். எந்த யூனிட்டிலும் நடப்பவை சரக்கை அனுப்புதல், வரவு வைத்தல், எடைக் குறைவைக் கணக்கிடுதல் ஆகிய மூன்றுதான் என்பதால், இவற்றைத் தனித்தனிக் கூறுகளாக எழுதி, யூனிட்டின் பெயரையும் ஏற்கத்தக்க குறைவு விழுக்காட்டையும் நிரலுக்கு வெளியே, மாற்றத்தக்க மதிப்புகளை வைக்கும் அமைப்புக் கோப்பில் வையுங்கள். தயாராக எடுத்துப் பொருத்தத்தக்க பாகங்களாக மென்பொருளைச் செய்ய வேண்டும் என்று கணினி அறிஞர் டக் மெக்கில்ராய் 1968இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நடந்த நேட்டோ மென்பொருள் பொறியியல் மாநாட்டிலேயே வலியுறுத்தினார்.

அடுத்து, கூறுகள் பரிமாறும் செய்தியின் வடிவத்தை முடிவு செய்யுங்கள்: சலான் எண், அனுப்புநர், பெறுநர், ரோல் எண்ணிக்கை, கிலோவில் எடை. பிறகு புதிய புலங்களைச் சேர்க்கலாம். இருக்கும் புலத்தின் பொருளை மாற்றக் கூடாது.

மூன்றாவதாக, ராபிட்எம்க்யூ போன்ற செய்தி வரிசை ஒன்றை, அதாவது செய்திகளை வாங்கி வைத்திருந்து பெறுநரிடம் சேர்க்கும் மென்பொருளை நிறுவுங்கள். சாயப்பட்டறையின் கணினி அணைந்திருந்தாலும் செய்தி வரிசையில் காத்திருக்கும். ஆனால் வரிசையை நிலைத்ததாக அறிவிப்பது மட்டும் போதாது. செய்தியையும் நிலைத்ததாகக் குறித்து அனுப்பினால்தான் வரிசையின் சர்வர் மறுதொடக்கம் ஆனாலும் அது மிஞ்சும்.

நான்காவது படியில்தான் மிகுந்த கவனம் வேண்டும். வரவுக் கூறு இருப்பைத் தரவுத்தளத்தில் எழுதிய பின்னரே வரிசைக்கு ஒப்புகை (செய்தியைக் கையாண்டு முடித்தோம் என்ற பதில்) தர வேண்டும். முன்பே தந்துவிட்டால், இடையில் நிரல் நின்றுபோகும்போது செய்தி தொலைந்துவிடும். எழுதிய பின், ஒப்புகைக்கு முன் நிரல் நின்றாலோ, அதே செய்தி மீண்டும் வரும், அந்தச் சலானின் எடை இருப்பில் இருமுறை ஏறும். நான் முதலில் கட்டிய அமைப்பில் இப்படித்தான் இல்லாத துணி கணக்கில் ஏறியது. இதைத் தடுக்க, அனுப்புநர் குறியீடு, நிதியாண்டு, சலான் எண் மூன்றையும் இணைத்து தரவுத்தளத்தில் ஒருமுறை மட்டுமே இடம்பெறக்கூடிய ஒரு தனித்துவச் சாவியாக்கி, இருப்பு மாறும் அதே பரிவர்த்தனையில் (முழுதும் பதியும் அல்லது எதுவுமே பதியாத தரவுத்தளச் செயலில்) பதியுங்கள். சலான் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். நிதியாண்டு தொடங்கும் ஏப்ரல் மாதத்தில் பலர் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். சாவி ஏற்கெனவே இருந்தால் இருப்பைத் தொடாமல் ஒப்புகை மட்டும் கொடுங்கள்.

சோதிப்பதற்கு, ஒப்புகை வரிக்கு முன் 30 நொடி காத்திருக்கும்படி நிரலை மாற்றி, 300 கிலோ சலான் ஒன்றை அனுப்பி, அந்த இடைவெளியில் நிரலை வலிந்து நிறுத்துங்கள். மீண்டும் இயக்கியபின் செய்தி இரண்டாம் முறை வரும். இருப்பு 300 கிலோ மட்டுமே கூடியிருக்க வேண்டும்.