ஃபோகஸ் தப்பினால் பாடியை மாற்றாதீர்கள்

இரட்டைப் பிம்பத்தை ஒன்றுசேர்த்து ஃபோகஸ் வைக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவை மாற்றலாமா என்று கேட்டு வருபவர்களில் பாதிப் பேர், கேட்கும்போதே மனதுக்குள் மாற்றி முடித்திருப்பார்கள். நம்மிடம் எதிர்பார்ப்பது தலையாட்டல் மட்டும்தான். கடன் வாங்கி வாங்காதீர்கள், பழையதைப் பாதி விலைக்குத் தள்ளாதீர்கள் என்பதெல்லாம் யாருக்கும் தெரிந்த சங்கதி, அதை விட்டுவிடலாம். இந்தக் கேமராவை நாலைந்து வருஷம் புழங்கியவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் செய்து, இப்போது புதிதாக வருபவர்கள் அச்சுப் பிசகாமல் திரும்பச் செய்யும் தப்புகள் வேறு.

டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் என்றால் நடைமுறையில் லைக்கா எம் வரிசைதான். 2004-ல் எப்சன் ஆர்-டி1 ஆறு மெகாபிக்சலோடு ஆரம்பித்து வைத்தது. இப்போது பிரான்சின் பிக்சியைத் தவிர பக்கத்தில் ஆளில்லை. அதனால் எம்9 (2009), எம் டைப் 240 (2012), எம்10 (2017), எம்11 (2022) என்ற படிக்கட்டை வைத்துக்கொண்டே பேசுவோம்.

ஃபோகஸ் சரியில்லை என்று புது பாடி வாங்குவது

இதைப் பார்க்கும்போது இன்னமும் எரிச்சல் வருகிறது. காட்சி எப்போதும் ஒன்றுதான். கையில் எம்10 பாடி (லென்ஸ் இல்லாத கேமரா உடல்), அதில் 50 எம்எம் எஃப் 1.4 லென்ஸ். ஒரு மீட்டர் தூரத்தில் குழந்தையின் முகம். கண்ணுக்கு வைத்த ஃபோகஸ் காதில் போய் விழுந்திருக்கிறது. பத்துப் படத்தில் ஏழு இப்படி. "பழைய பாடி, 24 மெகாபிக்சல்தானே" என்று அதை விற்று, 60 மெகாபிக்சல் எம்11 வாங்குகிறார். அறிமுகமானபோதே அதன் விலை 8,995 டாலர். முதல் வாரப் படங்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், காது முன்னைவிடத் துல்லியம். கண் முன்னைவிட மங்கல்.

காரணத்தில் மர்மம் எதுவும் இல்லை. ரேஞ்ச்ஃபைண்டரில் நீங்கள் பார்ப்பது லென்ஸ் வழியாக வரும் படம் அல்ல. பாடியின் முன்பக்கம் இருக்கும் இரண்டு ஜன்னல்களின் பார்வை, கண் வைத்துப் பார்க்கும் ஃபைண்டரின் நடுவே சிறு வெளிச்சக் கட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது. ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினால் லென்ஸின் பின்பக்க விளிம்பு, லென்ஸ் மாட்டும் மவுண்ட்டுக்குள் மேலே இருக்கும் சிறு உருளையைத் தள்ளுகிறது. உருளை ஒரு கையை அசைக்கிறது. இரட்டைப் பிம்பம் நகர்ந்து ஒன்றாகிறது. இது முழுக்க இரும்பும் கண்ணாடியும் செய்கிற வேலை. படம் எங்கே கூர்மையாக விழுந்தது என்பது சென்சாருக்கு மட்டும்தான் தெரியும். அதை அது ஃபைண்டருக்குச் சொல்வதே இல்லை. உருளை மயிரிழை பிசகினாலும் ஃபைண்டரில் பிம்பம் அழகாக ஒன்றுசேரும். படம் மட்டும் வேறு இடத்தில் கூர்மையாகும்.

ஃபிலிம் காலத்தில் இந்தப் பிசகு பெரும்பாலும் மறைந்தே கிடந்தது. ஃபிலிம் லேசாக வளைந்து நிற்கும். தபால் அட்டை அளவுக்கு மேல் பிரின்ட் போட்டவர்களும் குறைவு. சென்சாரோ பலகைபோல் தட்டை. 50 எம்எம் லென்ஸில் எஃப் 1.4-ல் ஒரு மீட்டர் தூரத்துக்கு, பழைய ஃபிலிம் கணக்குப்படி கூர்மையின் ஆழம், அதாவது முன்னும் பின்னுமாகக் கூர்மையாகத் தெரியும் தூரம், மொத்தம் சுமார் 3.2 சென்டிமீட்டர். திரையில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்க்கும் கண்ணுக்கு அதில் பாதிகூடத் தேறாது. 24 மெகாபிக்சல் சென்சாரில் ஒரு பிக்சல் 6 மைக்ரான், 60-ல் 3.76 மைக்ரான். அதே இரண்டு சென்டிமீட்டர் தவறு புதிய பாடியில் ஒன்றரை மடங்குக்கு மேல் பிக்சல்களில் பரவித் தெரியும். நோய் போகவில்லை, எக்ஸ்ரே மட்டும் தெளிவாகிவிட்டது.

எனவே பாடியை விற்பதற்கு முன் ஒரு சாயங்காலத்தை இந்தச் சோதனைக்கு ஒதுக்குங்கள்.

முதலில் மூன்று ஜன்னல்களையும் துடையுங்கள்: கண் வைக்கும் இடம், முன்பக்கப் பெரிய ஜன்னல், லென்ஸுக்கு மேலே உள்ள சின்னது. கேமராவைப் பிடிக்கும்போது அந்தச் சின்ன ஜன்னலில்தான் விரல் படும். எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் நடுக்கட்டம் மங்கி, பிம்பம் சேர்ந்ததா இல்லையா என்றே தெரியாது. சிலருக்கு வைத்தியம் இங்கேயே முடிந்துவிடும்.

அடுத்து தொலைவு. லென்ஸை முடிவிலிக் குறிவரை, அதாவது மேலே திரும்பாமல் நிற்கும் இடம்வரை கொண்டுபோங்கள். குறைந்தது ஒரு கிலோமீட்டராவது தள்ளி இருக்கும் செல்போன் டவர், இரவானால் நிலா. இரண்டு பிம்பமும் ஒன்றாக விழ வேண்டும். பக்கவாட்டில் விலகினால் முடிவிலி பிசகியிருக்கிறது. மேலும் கீழுமாக விலகினால் அது தனிச் சிக்கல்: ஃபோகஸைக் கெடுக்காது, ஆனால் சேர்ந்ததைக் கண்டுபிடிக்க விடாது.

மூன்றாவது அருகு. தையல் டேப்பை ஒரு அட்டையில் ஒட்டி, அதை 45 டிகிரி சாய்த்து வையுங்கள். கேமரா ட்ரைபாடில், ஒரு மீட்டர் தூரத்தில். அப்பர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளையை) முழுக்கத் திறந்துவிடுங்கள். டேப்பில் ஒரு எண்ணைத் தேர்ந்து, நடுக்கட்டத்தால் ஃபோகஸ் வைத்துப் படம் எடுங்கள். பிறகு வளையத்தை முடிவிலிக்குத் திருப்பி, மறுபடி அந்தப் பக்கத்திலிருந்தே வந்து ஃபோகஸ் வையுங்கள். இப்படிப் பத்து முறை. ஒரு தடவை எடுத்துவிட்டு "முன்னால் விழுகிறது" என்று முடிவு கட்டுவதில் பயனில்லை. கையும் கண்ணும் செய்யும் பிழை அதில் கலந்திருக்கும். எம்240-லிருந்து, சென்சாரில் விழும் படத்தையே பின்திரையில் பார்க்கும் லைவ் வியூ உண்டு என்பதால், அதிலும் பெரிதாக்கிப் பார்த்து ஒரு பத்து எடுங்கள். எம்8 (எம்9-க்கு முந்தையது), எம்9-ல் அந்த வசதி இல்லை. கம்ப்யூட்டரில் பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

இனி படங்களைப் படிக்கும் விதம். பத்தும் ஒரே பக்கம் விலகி, இரண்டு மூன்று லென்ஸிலும் அப்படியே இருந்தால் குற்றம் பாடியில். ஒரே லென்ஸில் மட்டும் என்றால் லென்ஸில். முன்னும் பின்னுமாகச் சிதறினால் குற்றவாளி உங்கள் கண்: எம் ஃபைண்டர் மைனஸ் 0.5 டயாப்டருக்கு அமைக்கப்பட்டது, திருப்பிச் சரிசெய்ய உள்ளே எதுவும் கிடையாது. கண் பவருக்கு ஏற்ற சிறு லென்ஸை வாங்கித் திருகிக்கொள்ள வேண்டும். லைவ் வியூவிலும் மங்கல் என்றால் ஃபோகஸை விட்டுவிட்டு கை நடுக்கத்தையும் லென்ஸையும் சந்தேகியுங்கள்.

இதே சோதனையை எஃப் 2.8, எஃப் 4-லும் ஒருமுறை ஓட்டுங்கள். சில லென்ஸ்களில் அப்பர்ச்சரைச் சுருக்கச் சுருக்க ஃபோகஸ் பின்னோக்கி நகரும். ஸைஸ் சி-சோனார் 50 எஃப் 1.5 இதற்குப் பேர்போனது. அது அந்த லென்ஸின் சுபாவம், பழுதல்ல. எந்த பாடியில் மாட்டினாலும் போகாது.

குற்றம் பாடியில் என்று உறுதியானால் அட்ஜஸ்ட்மென்ட் செய்யக் கொடுங்கள். புது பாடியின் விலையோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு சில்லறை. கொடுக்கும்போது பலர் அடுத்த தப்பைச் செய்கிறார்கள்: தகராறு பண்ணும் ஒரே லென்ஸைக் கொடுத்து, "இதற்கு ஏற்றபடி பாடியைச் சரிசெய்து கொடுங்கள்" என்பார்கள். செய்தால் அந்த லென்ஸ் சரியாகும், மற்ற நாலும் கெடும். பாடியை நிலையான அளவுக்கும், லென்ஸைத் தனியாக அதே அளவுக்கும் கொண்டுவர வேண்டும். அதனால் சந்தேகமுள்ள லென்ஸ்களையும் பாடியோடு சேர்த்தே அனுப்புங்கள்.

இணையத்தில் பார்த்து, மவுண்ட்டுக்குள் சாவியை விட்டு உருளையைத் தாங்களே திருகுபவர்களும் உண்டு. முடிவிலிக்கு ஒரு திருத்தம், அருகுக்கு இன்னொன்று; ஒன்றைத் தொட்டால் மற்றது நகரும். நிலா சரியாகிவிட்டது என்று மகிழ்ந்தவர் மறுநாள் ஒரு மீட்டரில் நாலு சென்டிமீட்டர் தள்ளி எடுத்துக்கொண்டிருப்பார்.

இன்னொன்று: புதிதாகப் பெட்டி திறந்த பாடியும் பிசகியிருக்கலாம். வழியில் ஒரு அடி போதும். வாங்கிய வாரமே இந்தச் சோதனையைச் செய்துவிட்டால் வாரண்டிக்குள் பேசலாம்.

ஃபைண்டரில் கண் வைக்காமல் ஆர்டர் போடுவது

போடாதீர்கள். கண்ணாடி அணிபவருக்கு, படத்தின் எல்லையைக் காட்டும் 28 எம்எம் ஃபிரேம்லைனின் நாலு மூலையும் ஒரே பார்வையில் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள்.

மெகாபிக்சலை வாங்கிவிட்டு பழைய ஷட்டர் வேகத்திலேயே எடுப்பது

50 எம்எம் லென்ஸுக்கு 1/50 விநாடி போதும் என்பது ஃபிலிம் காலத்துக் கணக்கு. எம் வரிசையில் பாடிக்குள் நடுக்கம் தடுக்கும் வசதி எந்த மாடலிலும் இல்லை. 60 மெகாபிக்சலில் கூர்மை வேண்டுமென்றால் 1/125-லிருந்து 1/200 வரை போக வேண்டியிருக்கும். அதற்காக ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன் அளவு) ஏறும். புது சென்சாரில் காசு கொடுத்து வாங்கிய சுத்தத்தில் கொஞ்சம் அங்கே கரையும். எம்11 படத்தை 60, 36, 18 என மூன்று அளவில் பதியும். தெருவில் எடுப்பவருக்கு 36 தாராளம். முழு அளவில் ஒரு டிஎன்ஜி (பதப்படுத்தாத மூலப் படம்) கோப்பே 70 முதல் 120 எம்பி வரை போகும். லேப்டாப் பழையது என்றால் அதையும் மாற்ற வேண்டிவரும், அந்தச் செலவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

துணைப் பொருட்கள் எல்லாம் பொருந்தும் என்று நினைப்பது

லென்ஸ் மட்டும் பொருந்தும். எம்10 பேட்டரி 1100 எம்ஏஎச். எம்11-ன் 1800 எம்ஏஎச் பேட்டரி வடிவமே வேறு. சார்ஜரும் வேறு. அடித்தகடே எடுக்கப்பட்டுவிட்டதால் அதற்காக வாங்கிய கைப்பிடியும் வீண். இரண்டு கூடுதல் பேட்டரியை பட்ஜெட்டில் முதலிலேயே சேருங்கள். எம்11 எப்போதும் சென்சாரிலிருந்தே ஒளியை அளக்கிறது. ஆன் செய்ததும் ஷட்டர் திறந்தே நிற்கும். லென்ஸ் மாற்றும்போது ஆஃப் செய்யும் பழக்கம் இல்லாதவர் சென்சாருக்கு நேராகத் தூசி அள்ளிப் போடுகிறார்.

பழைய வைட் லென்ஸை மறப்பது

சென்சாருக்கு மிக அருகில் வந்து நிற்கும் சிறிய வைட் லென்ஸ்கள் எம்9-ல் ஓரங்களைச் சிவப்பாகவும் ஊதாவாகவும் அடிக்கும். ஃபோய்க்ட்லாண்டர் 15 எம்எம் எஃப் 4.5-ன் முதலிரண்டு பதிப்புகளைப் பயன்படுத்தியவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். 2015-ல் மூன்றாம் பதிப்பு வந்த பிறகே நிம்மதி. எம்11 சென்சாரில் இது வெகுவாகக் குறைந்திருக்கிறது. மாற்றுவதற்கு நல்ல காரணம் என்று நான் ஒப்புக்கொள்ளும் சிலவற்றில் இதுவும் ஒன்று. இன்னொன்று இருட்டு: எம்9-ன் ஐஎஸ்ஓ 2500-ல் முடிகிறது, 1250-க்கு மேலேயே நிழல்கள் குழம்பும். கோயில் பிரகாரம், மண்டபத்து இரவு விருந்து என்று எடுப்பவர் எம்9-லிருந்து எம்10-க்குப் போனால் அன்றைக்கே வித்தியாசம் தெரியும். எம்10-லிருந்து எம்11-க்கு அந்த அளவுத் தாவல் கிடையாது. எடை மூன்றாவது காரணம்: எம்10 660 கிராம், கறுப்பு எம்11 530 கிராம். நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கும்போது 130 கிராம் சின்ன விஷயமில்லை. வெள்ளி நிறத்தில் பித்தளை மூடி என்பதால் அது 640. எடைக்காக மாற்றுபவர் நிறத்தைப் பார்த்து வாங்குங்கள்.

பழைய எம்9-ஐ சென்சார் பார்க்காமல் வாங்குவது

மேலே ஏறுவதற்குப் பதில், எம்9-ல் இருக்கும் பழைய வகை சென்சார் தரும் "சிசிடி நிறம்" தேடிக் கீழே இறங்குபவர்களுக்கு இது. எம்9-ன் சென்சார் மேலுள்ள கண்ணாடி ஈரத்தில் அரித்துப்போகும் குறை ஊரறிந்தது. லைக்கா சில ஆண்டுகள் இலவசமாக மாற்றிக் கொடுத்து, பிறகு நிறுத்திவிட்டது. வாங்கும்முன் எஃப் 16-ல், ஃபோகஸைக் கலைத்துவிட்டு, வெறும் வானத்தை எடுத்துப் பெரிதாக்குங்கள். தூசி என்றால் கறுப்புப் புள்ளி, துடைத்தால் போகும். புள்ளியைச் சுற்றி வெளிறிய வளையம் இருந்து, துடைத்தும் அதே இடத்தில் நின்றால் அரிப்பு. சென்சார் மாற்றப்பட்டது என்று விற்பவர் சொன்னால் சர்வீஸ் ரசீதைக் கேளுங்கள், வாய் வார்த்தை வேண்டாம். கடலோர ஊரில் பல வருஷம் இருந்த பாடி என்றால் இரட்டிப்புக் கவனம்.

எம்8 என்றால் இன்னும் சுருக்கம்: கறுப்பு பாலியஸ்டர் சட்டை கத்தரிப்பூ நிறத்தில் வரும். ஒவ்வொரு லென்ஸுக்கும் அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டர் வாங்க வேண்டும்.

90, 135 எம்எம் லென்ஸுக்காக பாடி மாற்றுவது

எம்10, எம்11 இரண்டிலும் ஃபைண்டரின் உருப்பெருக்கம் ஒரே 0.73 தான். நீள லென்ஸில் ஃபோகஸ் வைக்கச் சிரமப்பட்டவர் புதியதிலும் அதே சிரமம்தான் படுவார். ஃபைண்டரில் 1.4 மடங்கு மேக்னிஃபயரைத் திருகுங்கள்; அல்லது கேமராவின் தலையில் செருகும் விஸோஃப்ளெக்ஸ் எலக்ட்ரானிக் ஃபைண்டர் வாங்குங்கள்.

எம் இவி1-ஐ ரேஞ்ச்ஃபைண்டர் என்று நினைத்து வாங்குவது

2025 அக்டோபரில் வந்த அந்தக் கேமராவில் எம் மவுண்ட் இருக்கிறது, நடுக்கட்டம் இல்லை. உருளையும் இல்லை, உள்ளே இருப்பது எலக்ட்ரானிக் ஃபைண்டர். மேலே சொன்ன பிசகல் தொல்லையே வேண்டாம் என்பவருக்கு அது நல்ல வழி. இரட்டைப் பிம்பம் ஒன்றுசேரும் சுகத்துக்காக இந்த வரிசைக்கு வந்தவர், கடையில் பத்து நிமிஷம் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அறிமுகமான மாதமே வாங்குவது

ஆறு மாதம் பொறுங்கள். ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள்) இரண்டு முறையாவது மாறட்டும்.