சின்னாறில் மேலே பார்க்குமுன் கீழே பாருங்கள்

உடுமலையிலிருந்து மூணாறு போகும் வழியில், தமிழக எல்லையைத் தாண்டியதும் வருவது கேரளத்தின் சின்னாறு சரணாலயம். பிள்ளைகள் பஸ்ஸில் ஏறும்போதே "யானை வருமா சார்?" என்பார்கள். அதை மறக்கடிப்பதுதான் ஆசிரியரின் முதல் வேலை.

இங்கே தேட வேண்டியது சாம்பல் நிற மலை அணில். அண்ணாந்துகொண்டே நடந்தால் கழுத்துதான் வலிக்கும். ஆற்றோர மரங்களின் அடியைப் பாருங்கள். கடித்துப் போட்ட காய்த்துண்டுகள் கிடக்கும். போன தடவை ஒரு ஏழாம் வகுப்புப் பெண் ஒன்றைத் தொட்டுவிட்டு, "சார், இது இன்னும் ஈரமா இருக்கு" என்றாள். அப்படியென்றால் ஆள் மேலேதான். எல்லோரையும் தள்ளி உட்காரவைத்து, பத்து நிமிடம் வாய் திறக்கக் கூடாது என்றேன். (எனக்கே கஷ்டமாக இருந்தது.) இலைக்கு நடுவே முதலில் தொங்கியது ஒரு நீள வால்.

மழை மறைவுப் பிரதேசம் என்று புத்தகத்தில் படித்ததை இங்கே நின்று சொல்லிக் கொடுங்கள். மூணாறை நனைக்கும் தென்மேற்குப் பருவமழை இந்தப் பக்கம் அதிகம் எட்டுவதில்லை. அதனால்தான் கள்ளியும் முள்மரமும். நட்சத்திர ஆமைகூட உண்டு.

காட்டுக்குள் நடக்க வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும், முன்கூட்டியே பேசிவிடுங்கள். காலையிலேயே போய்விடுவது நல்லது, வெயில் பொறுக்காது. ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர். தின்பண்டத்தை வண்டியிலேயே பூட்டி வையுங்கள், குரங்குகள் பையின் ஜிப்பையே திறக்கும்.