பாண்டூன் போட்டுக்குத் தளம் மாத்துன அனுபவம்

கொடைக்கானல்ல எங்க பழைய பாண்டூன் போட்ல (ரெண்டு மிதவை மேல தட்டையா தளம் போட்ட படகு) கால் வச்சா பலகை மெத்துமெத்துனு அமுங்குச்சு, ப்ளைவுட் தான் உளுத்துருச்சுனு நெனச்சு பேத்துப் பாத்தா கீழ அலுமினியக் குறுக்குச் சட்டம் மூணு அரிச்சுப்போய் கெடக்கு. செம்பு கலந்த மருந்து ஏத்துன மரத்தை நேரா அலுமினியத்து மேல வச்சிருக்காங்க, ஈரம் பட்டா அது அலுமினியத்தைத் தின்னுரும்ங்க.

சட்டத்தை மொத்தமா மட்டும் கழட்டிறாதீங்க, ரெண்டு மிதவையும் விலகிரும், நான் ஒண்ணைக் கழட்டி ஒண்ணை மாட்டி மூலைக்கு மூலை டேப் புடிச்சு அளந்துக்கிட்டே தான் போனேன். மேல 18 மி.மீ மரைன் ப்ளைவுட், மரைன் ப்ளைவுட்டுக்கான இந்தியத் தர முத்திரை ஐஎஸ் 710 இருக்கானு பாத்து வாங்குனது. அறுத்த ஓரம், போல்ட் ஓட்டை எல்லாத்துக்கும் எபாக்சி (கெட்டியா இறுகுற பிசின்) ரெண்டு கோட்டு, தண்ணி உள்ள போறதே அங்கதான். நம்ம ஊரு குளிருக்கும் மஞ்சுக்கும் எபாக்சி லேசுல காயாது, நல்ல வெயில் வர்ற வரைக்கும் காத்திருந்து தான் பூசுனேன். போல்ட்டெல்லாம் ஸ்டெயின்லெஸ், அடியில நைலான் வாஷர்.