ட்ரோம்சோவுக்கு ரிசர்ச் பண்ண வர்றீங்களா? குளிரை விடுங்க, ஃபீல்ட் சீசனைக் கேளுங்க

நார்வேயோட வட கோடில, ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேல இருக்கிற ட்ரோம்சோல, யுஐடி யுனிவர்சிட்டில பிஎச்டியோ போஸ்ட்டாக்கோ கிடைச்சுக் கிளம்புற நம்ம ஆளுங்க முக்காவாசிப் பேர் கேக்குற முதல் கேள்வி, "அங்க குளிரு எப்படிங்க, தாங்குமா?"

தாங்கும்ங்க. அட்லாண்டிக்ல இருந்து மேல வர்ற வெதுவெதுப்பான நீரோட்டம் இருக்கறதால இங்க துறைமுகமே உறையறதில்ல, ஜனவரி சராசரி மைனஸ் 3, மைனஸ் 4ன்னுதான் நிக்கும், நார்வே உள்பக்க ஊருங்க சிலதை விட இது எவ்வளவோ பரவால்ல. தொல்லை என்னன்னா பனி கொஞ்சம் உருகும், மறுபடி உறையும், ரோடு பூரா கண்ணாடி மாதிரி ஆயிடும். ஷூவுக்கு அடில மாட்டுற முள்ளு, "பிரொடர்"னு கடைல கேட்டாக் குடுப்பாங்க, வந்த வாரமே வாங்கிடுங்க. உள்ளுக்குப் போட கம்பளி, காட்டன் வேண்டாம், நனைஞ்சா காயாது. உடுப்பு விஷயம் அவ்வளவுதான்.

நீங்க உண்மைல சூப்பர்வைசர்கிட்ட கேக்க வேண்டியது வேற. "உங்க குரூப்புக்கு ஃபீல்ட் சீசன் எப்ப?" அதாவது வெளிய போய், கப்பல்லயோ தரைலயோ, டேட்டா எடுக்கிற மாசங்க எது. இதை ஆஃபருக்கு ஓகே சொல்றதுக்கு முன்னாடியே கேட்ருங்க. ஏன்னா இந்த ஊர்ல நவம்பர் கடைசில போற சூரியன் ஜனவரி நடுவுலதான் திரும்ப எட்டிப் பாக்கும், மலை மறைக்கறதால ஊருக்குள்ள தெரியறதுக்கு 21ஆம் தேதி வாக்குல ஆயிடும், அப்புறம் மே 20 வாக்குல இருந்து ஜூலை மூணாவது வாரம் வரைக்கும் அஸ்தமனமே கிடையாது. ஒவ்வொரு குரூப்பும் இந்த வருஷத்துல ஒவ்வொரு துண்டை எடுத்துக்கும். நீங்க எப்ப ஊருக்குப் போலாம், பொங்கலுக்கா ஆடிக்கா, கல்யாணத்தை எப்ப வச்சுக்கலாம், குடும்பத்தை எப்பக் கூட்டிட்டு வரலாம்னு எல்லாமே அதுல இருந்துதான் முடிவாகும், ப்ராஜெக்ட் டைட்டில்ல இருந்து இல்ல.

கடல் உயிரியல் ஆளுங்களை எடுத்துக்கோங்க. ரொம்ப காலமா எல்லாரும் நம்பினது, போலார் நைட்ல, அதாவது சூரியனே உதிக்காத அந்த மாசங்கள்ல, வெளிச்சம் இல்ல, அதனால பாசி வளராது, அதனால கடலே தூங்கிட்டு இருக்கும்னு. யுஐடியோட யோர்கன் பெர்கேயும் அவர் கூட்டாளிங்களும் இன்னும் வடக்க இருக்கிற ஸ்வால்பார்ட் தீவுங்க பக்கம், கோங்ஸ்ஃபியோர்டன்கிற ஃபியோர்டுல (மலைங்களுக்கு நடுவுல உள்ள வர்ற கடல்) நட்ட நடு ஜனவரில கப்பலைக் கொண்டுபோய்ப் பாத்தா, அங்க எல்லாம் முழிச்சுட்டு இருக்கு, மிதவை உயிரிங்க மேலயும் கீழயும் போய்ட்டு வருது, கடல் பறவை கும்மிருட்டுல இரை தேடுது. 2015ல அந்தப் பேப்பர் வந்துச்சு. அடுத்த வருஷமே இன்னொண்ணு, சூரியன் இல்லாத மாசங்கள்ல இந்த மிதவை உயிரிங்க நிலாவைப் பாத்து நடக்குது, பௌர்ணமி வந்தா வெளிச்சத்துக்குப் பயந்து கிட்டத்தட்ட 50 மீட்டர் ஆழத்துக்கு இறங்கிடுதுன்னு. 2020ல வந்தது இதை விட ஒரு படி மேல, ஆராய்ச்சிக் கப்பலோட சொந்த லைட்டே 200 மீட்டர் ஆழம் வரைக்கும் மீனையும் மிதவை உயிரியையும் கலைச்சு விடுதுன்னு கண்டுபிடிச்சாங்க, அதாவது இருட்டுல லைட் போட்டு எடுத்த கணக்கெல்லாம் கொஞ்சம் சந்தேகத்துக்குரியது. எனக்கு இந்த யுனிவர்சிட்டில நடந்த வேலைங்கள்ல ரொம்பப் பிடிச்சது இதுதான், அளக்கப் போன கருவியே அளவைக் கெடுக்குதுன்னு தானே கண்டுபிடிச்சுத் தானே எழுதிப் போடறதுக்கு ஒரு தைரியம் வேணும்.

உங்களுக்கு இதுல என்னன்னா, அந்த மாதிரி குரூப்னா பொங்கலுக்கு நீங்க கப்பல்ல இருப்பீங்க. ஹெல்மர் ஹான்சென்னு யுஐடி ரொம்ப வருஷம் ஓட்டுன கப்பல், பேரு அமுண்ட்சென் கூட 1911ல தென் துருவம் போனவரோடது. இன்னொண்ணு க்ரோன்ப்ரின்ஸ் ஹோகொன், 100 மீட்டர் நீளம், பனியை உடைச்சுட்டுப் போறது, நார்வே போலார் இன்ஸ்டிட்யூட்டுக்குச் சொந்தம், யுஐடி ஆளுங்களும் நிறையப் போவாங்க. மெடிக்கல், சேஃப்டி ட்ரெயினிங் எல்லாம் கேப்பாங்க, கடைசி வாரத்துல ஓடாதீங்க. நார்வேக்கு வடக்க இருக்கிற பாரென்ட்ஸ் கடல் ஆட்டும், வாந்தி மாத்திரை முதல் நாளே போட்டுக்கணும். சைவம்னா முன்னாடியே மெயில் போட்டுச் சொல்லுங்க, சமைப்பாங்க, ஆனா ஊறுகா நீங்கதான் கொண்டு போகணும்.

அந்தக் கோங்ஸ்ஃபியோர்டன் நமக்கு ஒண்ணும் அந்நியம் இல்ல. இந்தியாவோட ஹிமாத்ரி ஸ்டேஷன் 2008ல இருந்து அதே கரைல, நீ-ஓலெசுன்ல இருக்கு. 2014 ஜூலைல அந்த ஃபியோர்டுக்குள்ள இறக்குன இண்டார்க் கருவித் தொகுதியைச் செஞ்சதுல சென்னை பள்ளிக்கரணைல இருக்கிற என்ஐஓடிக்கு (தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம்) முக்கியப் பங்கு. 2023 டிசம்பர்ல இருந்து இந்தியக் குழு குளிர்காலத்துலயும் போக ஆரம்பிச்சிருக்கு. என்ஐஓடிலயோ கோவால இருக்கிற துருவ, கடல் ஆராய்ச்சி மையமான என்சிபிஓஆர்லயோ ப்ராஜெக்ட் பண்ணிட்டு வர்றவங்க அதை சிவி-ல ஒரு ஓரத்துல போட்டு வைக்காதீங்க, மேல கொண்டு வாங்க, இங்க அது என்னன்னு தெரிஞ்சவங்க இருக்காங்க.

அரோரா, அதாவது ராத்திரி வானத்துல ஆடுற துருவ ஒளி, அதைப் பாக்குற ஆளுங்க சீசன் வேற. அந்த ஒளி துருவத்தைச் சுத்தி வளையமா வரும், ட்ரோம்சோ சரியா அதுக்குக் கீழ இருக்கு, 1930லயே இங்க ஆப்சர்வேட்டரி வந்தாச்சு. ஊர்ல இருந்து கொஞ்ச தூரத்துல ராம்ஃபியோர்டுமோவன்ல ஐஸ்கேட் ரேடார், 1981ல திறந்தது, 32 மீட்டர் டிஷ், மேல காத்து மண்டலத்துல மின்னேற்றம் உள்ள அடுக்கான அயனோஸ்பியர்ல எலக்ட்ரான் எவ்வளவு, என்ன வெப்பம்னு தரைல இருந்தே அளக்கும். இப்ப அதுக்கு அடுத்த தலைமுறையா ஐஸ்கேட் 3டி, ஷிபோட்ன் பக்கத்துல கிட்டத்தட்ட 10,000 சின்ன ஆன்டெனாவை நட்டு ஒரே ரேடாரா ஓட்டுற ஏற்பாடு, ஸ்வீடன்லயும் ஃபின்லாந்துலயும் ரிசீவர். ஏன் ஷிபோட்ன்னா லிங்கென் மலைங்க மழை மேகத்தைத் தடுத்துடும், அங்க வானம் தெளிவு, ட்ரோம்சோ கரைல பாதி நாள் மேகம்தான். இந்த குரூப்ல சேந்தா செப்டம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் ராத்திரி முழிப்பு உண்டு, கேமரா வேலைக்கு இருட்டும் தெளிவான வானமும் ஒரே நேரத்துல வேணும்ல. ஒரு டிப்ஸ், ஷிபோட்ன் உள்பக்கம், ட்ரோம்சோ மைனஸ் 4ல இருக்கறப்ப அங்க மைனஸ் 20 இருக்கலாம், மேல நான் சொன்ன உடுப்பு கணக்கு அங்க செல்லாது.

கடலடி ஜியாலஜி, மீத்தேன் பக்கம்னா பெரும்பாலும் கோடைக் கப்பல். பாரென்ட்ஸ் கடலுக்கு அடில ஒரு கிலோமீட்டர் அகலம் வரைக்கும் பெரிய பெரிய பள்ளங்க இருக்கு, பனியுகம் முடிஞ்சு மேல இருந்த பனிப்பாளம் விலகுனதும், சுமார் 12,000 வருஷத்துக்கு முன்னாடி, அடில அடைபட்டிருந்த மீத்தேன் வெடிச்சு வெளிய வந்ததால ஆனதுன்னு 2017ல யுஐடி குழு எழுதுச்சு. இவங்களோட வந்தீங்கன்னா மே, ஜூன் லீவு மறந்துடுங்க, மத்தபடி குளிர்காலம் பூரா கம்ப்யூட்டர் முன்னாடிதான்.

ஹெல்த் சயின்ஸ்க்கு வர்றவங்களுக்கு சீசன் இல்ல, பேப்பர்வொர்க்தான் சீசன். இங்க 1974ல ட்ரோம்சோ ஸ்டடின்னு, ஊர் ஜனங்களைக் கூப்பிட்டு உடம்பை செக் பண்ற ஒரு ஆய்வை ஆரம்பிச்சாங்க, அப்ப வட நார்வே ஆம்பளைங்க சின்ன வயசுலயே ஹார்ட் அட்டாக்ல நிறையப் போய்ட்டு இருந்தாங்க, அதனால முதல் சுற்றுல ஆம்பளைங்களை மட்டும் கூப்பிட்டாங்க, அப்புறம் பொம்பளைங்களும் சேந்து சுற்று சுற்றா இன்னும் போய்ட்டு இருக்கு, 2015-16 சுற்றுல மட்டும் 21,000க்கு மேல ஆளுங்க வந்தாங்க. அந்த டேட்டாவைத் தொடணும்னா தனி அப்ளிகேஷன், எதிக்ஸ் கமிட்டி அனுமதி, எல்லாம் மாசக்கணக்குல இழுக்கும், முதல் மாசமே ஆரம்பிங்க. 1983ல அந்த ஸ்டடில இருந்துதான் காபி குடிச்சா கொலஸ்ட்ரால் ஏறுதான்னு உலகமே பேசுன பேப்பர் வந்துச்சு, கடைசில குற்றவாளி தூளைப் போட்டுக் கொதிக்க வைக்கிற காபின்னு தெரிஞ்சது, பேப்பர் ஃபில்டர்ல வடிகட்டுனா கொலஸ்ட்ராலை ஏத்துற எண்ணெய்ப் பொருள் அதுலயே நின்னுடும். நம்ம கும்பகோணம் ஃபில்டர் மெட்டல்ங்க, நிக்காது. பொட்டில எடுத்துட்டு வராதீங்கன்னு நான் சொல்லல, நானே வச்சிருக்கேன், ரெண்டு டம்ளரோட நிறுத்திக்கோங்க.

வைட்டமின் டியை மட்டும் சீரியஸா எடுங்க. அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும் இங்க வெயில் அடிச்சாலும் தோல்ல அது உருவாகாது, நம்ம நிறத்துக்கு மத்த மாசத்துலயும் நேரம் கூட வேணும். இங்கத்துக்காரங்க "ட்ரான்"னு மீன் எண்ணெய் குடிப்பாங்க, சைவம்னா மாத்திரை, வந்ததும் டாக்டர்கிட்ட ஒரு ரத்த டெஸ்ட் கேளுங்க. டிசம்பர்ல மத்தியானம் ரெண்டு மூணு மணி நேரம் நீல வெளிச்சம் இருக்கும், அப்ப லேப்ல இருக்காதீங்க, வெளிய ஒரு நடை. ஜூன்ல தூக்கம் போகும், தடி கர்ட்டன் போடுங்க.

தமிழ்க் கூட்டம் எதிர்பாக்காதீங்க, அது ஓஸ்லோல. ஆனா இந்த வடக்கு நமக்குப் புதுசு இல்ல, 80கள், 90கள்ல ஈழத்துல இருந்து வந்தவங்க பலர் இன்னும் கிழக்கால, பின்மார்க் கரையோர ஊருங்கள்ல மீன் ஃபேக்டரில வேலை பாத்தாங்க, பின்னால நிறையப் பேர் தெக்கப் போய்ட்டாங்க. புளி, பருப்பு ஏசியன் கடைல கிடைக்கும், கறிவேப்பிலை அதிர்ஷ்டம் இருந்தா.

ஆபீஸ் விஷயம் சீக்கிரமா சொல்லிடறேன். இங்க பிஎச்டி ஒரு வேலை, வருஷத்துக்கு 5 லட்சம் குரோனுக்கு மேல சம்பளம், 3 வருஷம், டீச்சிங் சேந்தா 4. ப்ரொஃபசரைப் பேர் சொல்லிக் கூப்பிடணும், "சார்" போட்டா நெளிவாங்க. போலீஸ் அப்பாயின்ட்மென்ட், டாக்ஸ் ஆபீஸ்ல ஐடி செக், அப்புறம் பர்சனல் நம்பர், அப்புறம் பேங்க், அப்புறம் பேங்க்ஐடி (ஆன்லைன்ல நீங்கதான்னு காட்டுற லாகின்), இதே வரிசைதான், முன்னபின்ன மாத்த முடியாது, பேங்க்ஐடி வர்ற வரைக்கும் வாடகை வீடு காண்ட்ராக்ட்ல இருந்து டாக்டர் புக்கிங் வரைக்கும் இழுபறிதான், அதனால கைல ரெண்டு மாசச் செலவு கொண்டு வாங்க. டாக்ஸ் கார்டு, அதாவது உங்க சம்பளத்துல எவ்வளவு வரி பிடிக்கணும்னு சொல்றது, அதை வாங்காம சம்பளத் தேதி வந்துட்டா பாதியைப் பிடிச்சுடுவாங்க, பின்னால திரும்பி வரும், ஆனா பின்னாலதான். அப்புறம் லீவு சம்பளம் இங்க முந்தின வருஷம் சம்பாதிச்சதுல இருந்து வர்றது, அதனால முதல் கோடைல ஊருக்குப் போறதுக்கு டிக்கெட் போடறதுக்கு முன்னாடி அந்த மாசம் கைல எவ்வளவு வரும்னு ஹெச்ஆர்ல ஒரு மெயில் போட்டுக் கேட்டுடுங்க, அதுவும் ஜூன் பாதிக்குள்ள, ஜூலைல பதில் சொல்ல ஆபீஸ்ல ஆளே இருக்காது.