ஆய்வுக் கட்டுரையைத் திருத்தும்போது முதலில் பார்க்க வேண்டியவை

முதலில் வினைமுற்றைப் பாருங்கள். "இரண்டு கட்டங்களாகத் திரட்டிய தரவுகள் முந்தைய முடிவுக்கு முரணாக உள்ளது" என்பது மிகப் பரவலான பிழை. தரவுகள் பன்மை, "உள்ளன" என்றே முடிய வேண்டும். எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே சொற்கள் கூடக்கூட, அருகிலுள்ள ஒருமைச் சொல் நம்மை ஏமாற்றிவிடுகிறது. அதனால் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் விரலை வைத்து, "எது? எவை?" என்று கேட்டபடி பின்னோக்கி எழுவாயைத் தேடுங்கள். மெதுவான வேலைதான், ஆனால் இதைப்போல் பிழையைப் பிடிக்கும் வழி வேறில்லை. "ஒவ்வொரு மாணவர்களும்" என்பதும் இதே குழப்பம். "ஒவ்வொரு மாணவரும்" என்பதே சரி.

அடுத்தது ஒற்று. எல்லா விதிகளையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஐ, கு உருபுகள் வெளிப்படையாக வந்து, அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் வல்லினம் மிகும்: தரவைத் தொகுத்து, ஆய்வுக்குத் தேவையான. அந்த, இந்த, எந்த ஆகியவற்றுக்குப் பின்னும் அப்படியே. பெயரெச்சத்தில் மிகாது: தொகுத்த தரவு. இவ்வளவு தெரிந்தாலே பெரும்பாலான ஒற்றுப் பிழைகள் மறையும்.

உயிரெழுத்துக்கு முன் "ஓர்": ஓர் ஆய்வு, ஒரு கட்டுரை.

நடையில் என்னை உறுத்துவது இரட்டிப்பு. "இதற்குக் காரணம் என்னவென்றால், மாதிரி சிறியதாக இருந்ததே காரணமாகும்." ஒரு காரணம் போதும்: "மாதிரி சிறியதாக இருந்ததே இதற்குக் காரணம்." "ஆய்வு செய்யப்பட்டது" என்பதை "ஆய்வு மேற்கொள்ளப்பட்டு நடத்தப்பட்டது" என நீட்டினால் கனம் கூடாது, பொருள்தான் மங்கும்.