கர்ப்ப காலத்தில் பாத மசாஜுக்குப் போகும் முன்

மாலையானால் செருப்புக்குள் பாதம் நுழையவே மறுக்கும். அப்போது யாராவது காலைப் பிடித்துவிட்டால் அப்படியொரு சுகம்! பாதத்தில் குறிப்பிட்ட இடங்களை அழுத்திவிடும் ரிஃப்ளெக்ஸாலஜி மசாஜ் தருவதும் பெரும்பாலும் இந்த ஆசுவாசம்தான். நோயைக் குணமாக்கும் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

முதல் 12 வாரங்களில் பல சிகிச்சையாளர்கள் இதைச் செய்யவே மாட்டார்கள். அப்புறம் போவதானாலும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, கர்ப்பிணிகளுக்குச் செய்து பழகியவரிடமே போங்கள். வயிறு பெரிதான பிறகு மல்லாந்து படுக்க வேண்டாம். சாய்ந்து உட்காரலாம், இல்லை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கலாம். உள்கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே அழுத்த வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிரசவ வலியைத் தூண்டப் பயன்படுத்தும் இடம் அது.

குமட்டலுக்கு வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். உள்ளங்கை மேலே தெரியும்படி கையைத் திருப்பி, மணிக்கட்டு ரேகையிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று விரல் தள்ளி, இரண்டு நரம்பு போலத் தெரியும் தசைநாண்களுக்கு நடுவே கட்டைவிரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்துங்கள். சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் தேய்க்கவே கூடாது, ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கலாம். முகமும் கையும் திடீரென வீங்கி, கடும் தலைவலியோ கண் மங்கலோ சேர்ந்தால் மசாஜ் எல்லாம் வேண்டாம், நேராக மருத்துவமனைதான்.