சிலந்திக் கோடும் ஆடும் தலையும்: பால் பைத்தான் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

சுருளி ஒரு பால் பைத்தான் (ball python), பந்து போலச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு. என்னிடம் வந்தபோது அவளுக்குப் பெயர் கிடையாது. பம்பிள்பீ என்று நிறவகையின் பெயரை மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். பளிச்சென்ற மஞ்சள் உடம்பில் பேனாவால் கீறியது போல மெல்லிய கறுப்புக் கோடுகள். விற்றவர் அனுப்பிய படத்தில் சுருண்டு படுத்திருந்தாள், அசையாமல், ஓவியம் மாதிரி. வந்து ஒரு வாரம் கழித்து முதல் எலியைக் காட்டினேன். தலையைத் தூக்கினாள். தலை நடுங்கியது. பிறகு மெல்ல ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டே போய், தாடை மேலே வந்துவிட்டது. அப்படியே பாய்ந்தாள், எலிக்கு நான்கு விரற்கடை தள்ளிக் கண்ணாடியில் போய் மோதினாள்.

விற்றவரைக் கேட்டேன். "பசியில அப்படித்தான் ஆடும், வளர்ந்தா சரியாயிடும்" என்றார். பதினொரு வருடம் ஆகிறது. சரியாகவில்லை. சுருளி என்ற பெயர் அன்றைக்கே வந்ததுதான்.

இதை வளர்ப்பவர்கள் வாபிள் என்பார்கள். நான் தலையாட்டம் என்றே எழுதுகிறேன். நோயும் இல்லை, பழக்கமும் இல்லை. கோடுகளோடு கூடவே பிறக்கிறது. அதனால் தலையைப் பார்ப்பதற்கு முன் கோடுகளைப் படிக்கத் தெரிய வேண்டும்.

சாதாரணப் பாம்பிலிருந்து தொடங்குங்கள். மரபாக வரும் நிற, கோல மாறுபாட்டை மார்ஃப் என்பார்கள். அது எதுவும் இல்லாததை 'நார்மல்' என்பார்கள். கரும்பழுப்பு உடம்பில் இருபக்கமும் வெளிர்பழுப்புத் திட்டுகள், ஒவ்வொரு திட்டுக்குள்ளும் ஒன்றிரண்டு கறுப்புப் புள்ளிகள். பார்த்தால் இரண்டு கண் வைத்த முகம் போல இருக்கும். அடிவயிறு வெள்ளை. ஐந்தாறு நார்மல் பாம்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே முட்டைக் குவியலில் வந்த குட்டிகளில்கூட ஒன்றின் முதுகில் கோடு உடையாமல் ஓடும், இன்னொன்றில் துண்டுதுண்டாக நிற்கும். இந்த வேறுபாடெல்லாம் மார்ஃப் ஆகிவிடாது. அடைகாக்கும்போது சூடு ஏறி இறங்கினாலும் கோடுகள் குழம்பி வரலாம்; அது அந்தக் குட்டியோடு முடிந்துவிடும், அதன் பிள்ளைகளுக்குப் போகாது. பைபால்ட் என்பது உடம்பில் பெரிய வெள்ளைப் பகுதிகள் வரும் மார்ஃப். வாலருகே ஒரு வெள்ளை வளையம் இருந்தால் "பைபால்ட் மரபு உள்ளே இருக்கிறது" என்று கூடுதல் விலை சொல்வார்கள். அந்த வளையம் மட்டும் எதையும் நிரூபிக்காது. பெற்றோர் யார் என்று கேளுங்கள். சில மார்ஃப்களுக்கு உரித்த சட்டையை வைத்தே மரபணுச் சோதனை செய்கிறார்கள்; பெரிய பணம் கொடுத்து வாங்குவதானால் அதைக் கேட்பதில் தப்பில்லை.

மரபாக வருகிற கோலமும் அச்சடித்தது போல வராது. பைபால்ட் பாம்பில் வெள்ளை எவ்வளவு இருக்கும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். குறைந்த வெள்ளை கொண்ட ஜோடிக்கு முக்கால் உடம்பு வெள்ளையாகக் குட்டி வரும். பேஸ்டல் என்ற மார்ஃப்பின் மஞ்சள் வயதாக ஆக மங்கும். பனானா என்ற மார்ஃப்பில் வயதோடு கறும்புள்ளிகள் கூடும். குட்டிப் படத்தைப் பார்த்து மயங்கி வாங்குகிறவர்கள் அதே மார்ஃப்பில் வளர்ந்த பாம்பின் படத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

சரி, இப்போது ஸ்பைடர். தலையாட்டம் என்றாலே முதலில் நினைவுக்கு வருவது இந்த மார்ஃப்தான். 1999-ல் அமெரிக்காவில் வளர்ப்புக்கு வந்தது. ஆப்பிரிக்கக் காட்டில் பிடித்துக் கொண்டுவந்த ஒரே ஒரு பாம்புதான் இன்றுள்ள ஸ்பைடர்களுக்கெல்லாம் மூதாதை என்பது வளர்ப்பாளர்கள் சொல்லும் வரலாறு. அதன் கோலம் ஒருமுறை பார்த்தால் மறக்காது. நார்மலின் கரும்பட்டை இங்கே நூலாக மெலிந்துவிடும். முதுகில் வலைப்பின்னல் போல மெல்லிய கோடுகள், நடுவில் பழுப்பும் தேன்நிறமும், பக்கவாட்டில் வயிற்றின் வெள்ளை மேலேறி வந்திருக்கும். ஆப்பிரிக்கப் பாம்பின் பட்டையைச் சிலந்தி தின்றுவிட்டு வலை மட்டும் விட்டுப்போனது போல.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், கடைப் பெயரில் 'ஸ்பைடர்' என்ற சொல் பெரும்பாலும் இருக்காது. பம்பிள்பீ என்றால் ஸ்பைடரும் பேஸ்டலும். கில்லர்பீ என்றால் ஸ்பைடரும் இரட்டைப் பேஸ்டலும். ஹனிபீ, ஸ்பின்னர், ஸ்பைட், எல்லாவற்றிலும் ஸ்பைடர் உண்டு. ஸ்பைட் என்பது ஸ்பைடரும் பைபால்டும் சேர்ந்தது. உடம்பு ஏறக்குறைய முழுக்க வெள்ளையாகி, தலையில் மட்டும் நிறம் நிற்கும். வலைக்கோட்டைத் தேடினால் கிடைக்காது. நீலக்கண் வெள்ளைப் பாம்பு இன்னும் மோசம்: அதற்குள் ஸ்பைடர் இருந்தாலும் ஒரு கோடுகூட வெளியே தெரியாது, தலை மட்டும் ஆடும். எனவே பெயரைக் கேட்காதீர்கள். "இதில் என்னென்ன மரபு இருக்கிறது, ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். ஸ்பைடர் மட்டும் என்றும் இல்லை. வோமா, ஹிடன் ஜீன் வோமா, ஷாம்பெயின் ஆகிய மார்ஃப்களிலும் தலையாட்டம் உண்டு. ஷாம்பெயினையும் ஸ்பைடரையும் சேர்த்தால் வரும் குட்டிகளின் நிலையை நான் விவரிக்க விரும்பவில்லை. சேர்க்காதீர்கள், அவ்வளவுதான்.

பாம்பை நேரில் பார்க்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சுருண்டு படுத்திருக்கும் பாம்பைப் பார்த்து எதுவும் முடிவு செய்ய முடியாது. சுருளியும் படுத்திருக்கும்போது கோயில் சிலைதான். தலையாட்டம் பரபரப்பில்தான் வெளிப்படும். அதனால் பாம்பு விழித்து உலவும் நேரத்தில், மாலை மங்கிய பிறகு, போய்ப் பாருங்கள். அது தானாக ஊர்ந்து வரட்டும். தலையைத் தரையிலிருந்து தூக்கும் அந்தக் கணத்தைக் கவனியுங்கள். ஆட்டமில்லாத பாம்பின் தலை தூக்கிய இடத்தில் நிற்கும். ஸ்பைடரின் தலை, சிலதில், இலை நுனியில் நிற்கும் துளி போல நடுங்கும். சிலதில் ஒரு பக்கம் சாயும். சிலதில் கழுத்தே திருகிப் போகும். அப்புறம் கையில் வாங்கி, ஒரு கையிலிருந்து மறுகைக்கு ஊர விடுங்கள். பிடிமானம் மாறும்போது தலை தடுமாறுகிறதா, வயிறு மேலே வந்தது தெரியாமல் அப்படியே கிடக்கிறதா? சிலர் பாம்பை வேண்டுமென்றே மல்லாக்கப் போட்டுச் சோதிப்பார்கள். தேவையில்லை. ஊர விட்டாலே தெரிந்துவிடும், பாவம் அதை ஏன் மிரட்ட வேண்டும்.

மிக நம்பகமான சோதனை இரைதான். நேரில் பார்க்க வழியில்லை என்றால், இரை கொடுக்கும் வீடியோவை வெட்டாமல் ஒட்டாமல் கேட்டு வாங்குங்கள். முதல் பாய்ச்சலிலேயே கவ்வுகிறதா, எத்தனை முறை தவறுகிறது, கவ்விய பிறகு சரியான திசையில் சுற்றுகிறதா என்று பாருங்கள். அந்த வீடியோவைத் தர மறுக்கிறவரிடம் நான் வாங்க மாட்டேன்.

ஏன் ஆடுகிறது? நெடுங்காலம் இதை மூளைக் கோளாறு என்றே பேசிக்கொண்டிருந்தோம். 2022-ல் வெளியான ஆய்வு ஒன்றில் ஸ்பைடர் பாம்புகளின் தலையை நுண் சி.டி. ஸ்கேனில் வைத்துப் பார்த்தார்கள். உட்காதில் சமநிலையைக் காக்கும் அரைவட்டக் குழாய்களும் அதையொட்டிய சிறு பையும் உருக்குலைந்திருந்தன. எது மேல், எது கீழ் என்று சொல்லும் கருவியே கோணலாகப் பிறக்கிறது. அதனால்தான் பயிற்சியிலோ மருந்திலோ சரியாவதில்லை. இதைப் படித்த அன்றைக்குச் சுருளியைப் பார்க்க எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. 'பசியில் ஆடுகிறாள்' என்று நானும் இரண்டு வருடம் நம்பினவன்.

"ஆட்டம் குறைந்த பாம்புகளாகப் பார்த்துச் சேர்த்தால் போய்விடுமே" என்று எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. நண்பர் ஒருவரின் ஸ்பைடர் ஆண், தலை ஆடுவதே தெரியாது, உற்றுப் பார்த்தால்தான். அதை என் நார்மல் பெண்ணோடு சேர்த்தேன். ஏழு முட்டை, ஆறு குட்டி, நான்கு ஸ்பைடர். இரண்டு அப்பாவைப் போல. ஒன்று சுருளியைப் போல. நான்காவதால் தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்ளவே முடியவில்லை. எலிக்குட்டியை வாயருகே வைத்தாலும் எதிர்ப்பக்கம் திரும்பியது. மூன்றாம் மாதம் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் வலியில்லாமல் முடித்தோம். அதன் பிறகு நான் ஸ்பைடரைச் சேர்த்ததில்லை.

கணக்கு இப்படி: ஸ்பைடர் மரபு அப்பா, அம்மா யாராவது ஒருவரிடமிருந்து ஒரே பிரதி வந்தாலே வெளியே தெரியும். ஸ்பைடரை நார்மலோடு சேர்த்தால் ஒவ்வொரு முட்டைக்கும் சரிபாதி வாய்ப்பு. இரண்டு பிரதி கொண்ட ஸ்பைடர் எதையும் யாரும் உயிரோடு காட்டியதில்லை. அது முட்டையிலேயே முடிந்துவிடுகிறது என்றே வளர்ப்பாளர்கள் கருதுகிறார்கள். கோடும் ஆட்டமும் ஒரே மரபின் இரண்டு முகம். ஆட்டத்தின் அளவு மட்டும் குட்டிக்குக் குட்டி மாறும், பெற்றோரைப் பார்த்து அதை ஊகிக்க முடியாது. இருபது வருடத்துக்கும் மேலாக வேறு வேறு மார்ஃப்களோடு கலந்து பார்த்தும் ஆட்டமில்லாத ஸ்பைடர் பரம்பரை வரவில்லை. மெல்லிய கோடுதான் ஆசை என்றால் பின்ஸ்ட்ரைப் என்ற மார்ஃப் இருக்கிறது; தலை ஆடாது.

ஒரு எச்சரிக்கை. இதுவரை ஆடாத பாம்பு திடீரென்று தலையை அண்ணாந்து வைத்துக்கொண்டால், அது மார்ஃப் சமாசாரம் அல்ல. மூச்சுத் தொற்று வந்த பாம்பும் தலையைத் தூக்கித்தான் மூச்சு விடும். வாயோரம் குமிழியோ சீழ்க்கைச் சத்தமோ இருக்கும். தெர்மோஸ்டாட் கெட்டு வெந்திருக்கலாம், உண்ணிக்கு அடித்த மருந்து விஷமாகியிருக்கலாம், நரம்பைத் தாக்கும் வைரஸாகவும் இருக்கலாம். ஸ்பைடரே ஆனாலும் ஆட்டம் ஒரே வாரத்தில் மோசமானால் மருத்துவரிடம் போங்கள். நான் மாதம் ஒருமுறை சுருளி இரை எடுப்பதைப் படம் பிடித்து வைப்பது இதற்காகத்தான். போன மாதத்தோடு ஒப்பிட ஏதாவது வேண்டுமே.

ஏற்கெனவே உங்களிடம் ஒரு ஸ்பைடர் இருந்தால், பயப்பட வேண்டாம். பெரும்பாலானவை தின்று, உரித்து, வருடக்கணக்காக வாழ்கின்றன. ஏறி விழ உயரமான கிளை வைக்காதீர்கள். உடம்பு நாலாபக்கமும் உரசுகிற அளவுக்குச் சின்ன மறைவிடம் கொடுங்கள்; சுவர் தொட்டுக்கொண்டிருந்தால் அவை அமைதியாகின்றன. தண்ணீர்க் கிண்ணம் ஆழமில்லாததாக இருக்கட்டும். சூடான பக்கம் 31-32 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25-26, அதில் ஏற்ற இறக்கம் வேண்டாம். கையில் எடுப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இரை கொடுப்பதில்தான் பொறுமை வேண்டும். உறைந்த எலியை முழுக்க உருக வைத்துச் சூடாக்கி, கிடுக்கியில் அசையாமல் பிடியுங்கள்; எலிக்கு உயிர் இருப்பது போல ஆட்டிக் காட்டினால் இந்தப் பாம்பு பரபரத்துத் திருகிக்கொள்ளும். மூன்று முறை தவறினால் நிறுத்திவிடுங்கள். நான் இப்போது கிடுக்கியே எடுப்பதில்லை. விளக்கை அணைத்துவிட்டு எலியை அவள் மறைவிட வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன். காலையில் பார்த்தால் எலி இருக்காது. பெரும்பாலும்.